மணியை பெர்லினுக்கு அழைத்துப் போக வேண்டும், மே மாதத்துக்குள் முடியுமா?

மணியின் அம்மா · 2024 மார்ச் 3

வணக்கம். என் கணவருக்கு பெர்லினில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் 1 அன்று சேர வேண்டும். பையனுக்குப் பள்ளி முடிந்ததும் மே கடைசியில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பலாம் என்று திட்டம்.

எல்லோரும் என்றால் மணியும்தான். ஆறு வயது நாட்டு நாய், 17 கிலோ. எங்கள் தெருமுனை டீக்கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் கிடந்தவன். மாமியார், "ஊரில் கொண்டு போய் விட்டால் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வான்" என்கிறார். இவன் பல்லியைப் பார்த்தாலே சோபாவுக்கு அடியில் போய்விடுவான், தோட்டத்தை எங்கே பார்ப்பது!

வருடம் தவறாமல் ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறோம். கடைசி ஊசி போன நவம்பரில். ஒரு ஏஜென்ட்டிடம் போனில் கேட்டேன், "15 நாளில் எல்லா பேப்பரும் ரெடி பண்ணிடலாம் மேடம்" என்றார். இன்னொருவர் நான்கு மாதம் ஆகும் என்கிறார். யாரை நம்புவது? அங்கே இறங்கியதும் எங்காவது தனியாகப் பூட்டி வைப்பார்களா?

ஊசிமருந்து · மார்ச் 3

நான்கு மாதம் என்றவரை நம்புங்கள். நான் கால்நடை மருத்துவர், சென்னையில்தான் பார்க்கிறேன். முதலில் ஒரு கேள்வி. மணிக்கு மைக்ரோசிப், அதாவது தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள எண் சிப், போட்டிருக்கிறதா? எந்தத் தேதியில்? அது தெரிந்தால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

மணியின் அம்மா · மார்ச் 3

சிப் போடவில்லை சார். விமானம் ஏறுவதற்கு முன்னால் போட்டால் போதும் என்று நினைத்தேன்.

ஊசிமருந்து · மார்ச் 3

அப்படியானால் இதுவரை போட்ட ஊசி எதுவும் கணக்கில் வராது. மனம் தளராதீர்கள். அந்த ஊசிகள் மணியைக் காப்பாற்றியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் காகிதத்தில் மட்டும்தான் செல்லாது. சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசியை இந்த நாய்க்குத்தான் போட்டது என்று எப்படி நிரூபிப்பது? அதுதான் அவர்கள் கேள்வி. முதலில் சிப், அப்புறம் ஊசி. இரண்டும் ஒரே நாளில் இருக்கலாம், வரிசைதான் மாறக் கூடாது. சிப் 15 இலக்கம் உள்ள ஐஎஸ்ஓ தரச் சிப்பாக இருக்க வேண்டும். போடுவதற்கு முன்னும் பின்னும் ரீடரை வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது டைட்டர் டெஸ்ட், அதாவது ஊசியால் இரத்தத்தில் எவ்வளவு எதிர்ப்பாற்றல் வந்திருக்கிறது என்று அளப்பது. இதுதான் நேரத்தை விழுங்குவது. அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் போன்ற நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் உள்ளன. அங்கிருந்து வரும் நாய்க்குச் சிப், ஊசி, அதற்குப் பின் 21 நாள், சான்றிதழ், அவ்வளவுதான். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நம் நாய்க்கு ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, சீரம் பிரித்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பிரான்ஸில் நான்சி, ஜெர்மனியில் கீசன் ஆகிய ஊர்களில் அப்படிப்பட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. எதிர்ப்பாற்றல் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இருந்தால், இரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ரிசல்ட் வந்த தேதியிலிருந்து அல்ல, இரத்தம் எடுத்த தேதியிலிருந்து.

உங்கள் கணக்கு இப்படி வரும்: இந்த வாரம் சிப்பும் ஊசியும் போட்டால் ஏப்ரல் இரண்டாம் வாரம் இரத்தம், ஜூலை இரண்டாம் வாரம் பயணம். மே மாதம் முடியவே முடியாது. காகிதம் சரியாக இருந்தால் ஜெர்மனியில் பூட்டி வைக்க மாட்டார்கள், நேராக வீட்டுக்குப் போகலாம்.

கோவைவாசி · மார்ச் 4

[இந்தப் பதிவின் ஒரு பகுதி மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது: சிப் தேதியை முன்தேதியிட்டு எழுதித் தரும் இடம் பற்றிய தகவல்]

நம் ஊரில் முடியாதது எது? இத்தனை வருடம் ஊசி போட்ட நாய் அது. உடம்பில் எதிர்ப்பாற்றல் இருக்கத்தான் செய்யும். பிறகு எதற்கு மூன்று மாதம்? வெள்ளைக்காரனின் வீம்பு.

ஊசிமருந்து · மார்ச் 4

வீம்பு இல்லை தம்பி, விஷயம் இருக்கிறது. கடிபட்ட நாய்க்கு உடனே நோய் தெரியாது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உள்ளே பதுங்கி இருக்கும். இடையில் ஊசி போட்டால் இரத்தத்தில் எதிர்ப்பாற்றலும் தெரியும். டெஸ்ட் பாஸ், ஆனால் நோய் உள்ளே. அப்படிப்பட்ட நாய் இருந்தால் இந்த மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். அதற்குத்தான் அந்தக் காத்திருப்பு.

அவர்கள் இந்த இடத்துக்குச் சும்மா வந்துவிடவில்லை. ஐரோப்பாவில் ரேபிஸை ஊர் ஊராகக் கொண்டு போனது நரி. 1978இல் சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில் கோழித் தலைக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போட்டு நரிகளைத் தின்ன வைத்தார்கள். அதையே பல நாடுகள் முப்பது ஆண்டு விடாமல் செய்தன. ஜெர்மனி தன் காட்டு நரிகளிடம் ரேபிஸ் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது 2008இல்தான். நம் பக்கம் பாருங்கள். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்று மதிப்பிடுகிறார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். நான் கண்ணால் பார்த்த நோய் அது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நகைச்சுவை கிடையாது.

பொய்க் காகிதம் மாட்டினால் அங்கே உள்ள அதிகாரிக்குச் சட்டம் தரும் வழி மூன்று: திருப்பி அனுப்புவது, உங்கள் செலவில் தனிமையில் வைப்பது, இரண்டும் முடியாவிட்டால் கடைசியாகக் கருணைக்கொலை. நீங்கள் செய்யும் தவறுக்கு ஊசி வாங்குவது நாய்.

கோவைவாசி · மார்ச் 4

சரி டாக்டர், நரிக் கதை எனக்குத் தெரியாது. வாபஸ்.

பிராங்பர்ட் பழனி · மார்ச் 5

நான் 2021இல் எங்கள் பூனையைக் கொண்டு வந்தேன். பூனைக்கும் இதே விதிகள்தான். நாங்கள் பட்ட அடியைச் சொல்கிறேன், நீங்கள் படாதீர்கள்.

எங்கள் டாக்டர் (பெயர் வேண்டாம்) "21 நாள் ஆனால் போதும்" என்று 22ஆம் நாளே இரத்தம் எடுத்துவிட்டார். 21 நாள் விதி ஒன்று இருக்கிறது, உண்மைதான். அது பட்டியலில் உள்ள நாடுகளுக்கு. நமக்கு 30. ரிசல்ட் நன்றாகவே வந்தது, எண் 0.5க்கு மேல். ஆனால் தேதி தவறு என்பதால் செல்லாது. மறுபடி இரத்தம், மறுபடி மூன்று மாதம். அதற்குள் என் விசாவில் நுழையும் தேதி நெருங்கிவிட்டது. மனைவி அழுததை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே அக்கா, டாக்டர் சொன்னாலும் விரல் விட்டு எண்ணுங்கள். 30ஆம் நாளில் போய் நிற்காமல் இரண்டு மூன்று நாள் தள்ளியே எடுங்கள்.

மணியின் அம்மா · மார்ச் 6

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு வீட்டில் பஞ்சாயத்து. கணவர் மே கடைசியில் தனியாகப் போவது, நானும் பையனும் மணியும் ஜூலையில் போவது என்று முடிவாகியிருக்கிறது. "ஒரு நாய்க்காகக் குடும்பத்தைப் பிரிப்பதா" என்று மாமியார் இன்று காலை காபி கொடுக்கவில்லை.

எனக்கு வரும் சந்தேகம்: உரிமையாளர் போகும் தேதிக்கும் நாய் போகும் தேதிக்கும் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்று எங்கோ படித்தேன். கணவர் ஏழு வாரம் முன்னால் போகிறாரே?

ஊசிமருந்து · மார்ச் 6

சரியாகப் படித்திருக்கிறீர்கள். சொந்தப் பயணமாக நாயைக் கொண்டு போவதென்றால், உரிமையாளர் பயணத்துக்கு ஐந்து நாள் முன்போ பின்போ நாய் போய்விட வேண்டும். உங்கள் சார்பில் வேறொருவர் அழைத்து வரலாம், எழுத்தில் அனுமதி கொடுக்க வேண்டும். அப்போதும் அந்த ஐந்து நாள் உங்கள் பயணத்தோடுதான் ஒத்துப்போக வேண்டும். மீறினால் வியாபாரத்துக்குக் கொண்டு போகும் விலங்குகளின் விதிகளுக்குள் போய்விடும், அது வேறு சான்றிதழ், வேறு நடைமுறை.

உங்களுக்கு வழி எளிது. மணியின் உரிமையாளர் நீங்கள். சிப் பதிவு, ஊசிப் புத்தகம், ஆய்வகப் படிவம், சான்றிதழ் எல்லாவற்றிலும் உங்கள் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்களில். இப்போதே செய்யுங்கள். கடைசியில் மாற்ற ஆரம்பித்தால் ஒரு இடத்தில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று. இனம் என்ற கட்டத்தில் "கலப்பினம்" என்றோ "இந்திய நாட்டு நாய்" என்றோ எழுதச் சொல்லுங்கள். சிலர் பெருமைக்கு "பிட்புல் கிராஸ்" என்று எழுத வைக்கிறார்கள். ஜெர்மனியில் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் ஆகிய நான்குக்கும் அவற்றின் கலப்புக்கும் இறக்குமதித் தடை. அந்தப் பெருமை விமான நிலையத்தில் தெரியும்.

ஒஸ்லோ அண்ணை · மார்ச் 8

வணக்கம் பிள்ளை. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் ரோஸியை நோர்வேக்குக் கொண்டு வந்தனாங்கள். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே சட்டம், டாக்டர் சொன்ன ஒழுங்குதான். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் விதி அதுவே.

எங்களுக்குக் கூடுதலாக ஒன்று இருந்தது. நோர்வே, பின்லாந்து, அயர்லாந்து, மால்டா ஆகிய நாடுகளுக்குப் போகும் நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுக்க வேண்டும். நாட்டுக்குள் நுழைவதற்கு 24 மணித்தியாலத்துக்கு முன்னும் 120 மணித்தியாலத்துக்கு உள்ளும். டாக்டர் கையால் கொடுத்து, நேரத்தையும் சான்றிதழில் எழுத வேண்டும். நாங்கள் கொழும்பில் பறக்கிறதற்கு இரண்டு நாள் முன்னம் கொடுத்தோம். நேரடி விமானம் இல்லை, இடையில் ஒரு இரவு. அந்த இரவையும் கணக்கில் எடுத்துத்தான் நாள் பார்த்தோம். உங்களுக்கு ஜெர்மனி என்றபடியால் இந்தத் தொல்லை இல்லை. வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

டாமியின் தாத்தா · மார்ச் 10

நான் இதற்கு எதிர்க்குரல். என் மகன் நெதர்லாந்தில். என்னையும் வீட்டுக்காரியையும் வரச் சொன்னான். டாமிக்கு அப்போது 13 வயது, லாப்ரடார், மூட்டு வலி. விமானத்தின் அடிப்பகுதியில், இருட்டில், பத்து மணி நேரம். என்னால் அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. டாமியை என் தங்கை வீட்டில் விட்டோம். அந்தத் திண்ணையில் இரண்டு வருடம் நன்றாக இருந்துதான் போனான்.

விதி அனுமதிக்கிறது என்பதற்காக நாய்க்கு அது நல்லது என்று ஆகிவிடுமா? யாராவது நாயின் பக்கம் நின்று யோசியுங்கள்.

பிராங்பர்ட் பழனி · மார்ச் 10

ஐயா, உங்கள் முடிவை மதிக்கிறேன், 13 வயது லாப்ரடார் என்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் "அடிப்பகுதி" என்றால் லாரியின் டிக்கி மாதிரி இல்லை. நாய்கள் இருக்கும் பகுதியில் காற்றழுத்தம் மேலே நாம் உட்காரும் இடத்தில் உள்ளதுதான், வெப்பத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள். பல ஐரோப்பிய விமானங்களில் பையோடு சேர்த்து 8 கிலோவுக்குள் இருந்தால் காலடியிலேயே வைத்துக்கொள்ளலாம், எங்கள் பூனை அப்படித்தான் வந்தது. மணி 17 கிலோ, கீழேதான்.

ஊசிமருந்து · மார்ச் 11

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதய நோய் உள்ளவை, மிக வயதானவை, பக், புல்டாக் போன்ற சப்பை மூக்குக்காரர்கள், இவர்களை நான் அனுப்பச் சொல்வதில்லை. சப்பை மூக்கு நாய்களைக் கீழே ஏற்ற மறுக்கும் விமான நிறுவனங்களே பல உண்டு. பயத்தில் மூச்சு வாங்கும்போது அவற்றுக்குச் சூடு தணியாது. ஆறு வயது நாட்டு நாய் வேறு கதை.

தூக்க மாத்திரை மட்டும் கொடுக்காதீர்கள். மேலே இரத்த அழுத்தம் இறங்கினால் பார்க்க ஆள் இல்லை. மயக்கத்தில் இருக்கும் நாயை விமான நிறுவனமும் ஏற்றாது. அதற்குப் பதிலாக இன்றே கூண்டை வாங்கிக் கூடத்தில் வையுங்கள். அதற்குள் சாப்பாடு, அதற்குள் தூக்கம். நான்கு மாதம் இருக்கிறது, அந்தக் காத்திருப்பில் கிடைத்த ஒரே லாபம் இது.

அளவுக்கு: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு முன்னங்கால் உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு அகலம். காது நிமிர்ந்து நிற்கும்போது உள்ள உயரத்தோடு விரிப்பின் தடிமன் சேர்த்தால் உயரம். பிளாஸ்டிக் கிளிப்பைக் கழற்றிவிட்டு இரும்புத் திருகு போடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து ஊற்றும்படி இருக்க வேண்டும்.

கிளிப்பிள்ளை · மார்ச் 15

இடையில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் பச்சைக்கிளி ஒன்று இருக்கிறது, ஒன்பது வருடமாக. பிரான்ஸ் கொண்டு போக என்ன செய்ய வேண்டும்?

ஊசிமருந்து · மார்ச் 15

அதைப் பொதுவில் எழுதாதீர்கள்! நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிரான்ஸ் இருக்கட்டும், பக்கத்துத் தெருவுக்கே கொண்டு போக முடியாது. வனத்துறையிடம் பேசுங்கள்.

மணியின் அம்மா · மே 6

இதுவரை நடந்தது. மார்ச் 9 சிப், பத்து நிமிடம் கழித்து ஊசி. ஏப்ரல் 12 இரத்தம், 34ஆம் நாள். நேற்று ரிசல்ட் வந்தது, பாஸ். குதித்தோம்.

இன்று காலை அந்தத் தாளை மறுபடி படித்தபோது குதித்த கால் தரையில் ஊன்றியது. சிப் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறி இருக்கிறது. நான் அனுப்பிய படிவத்தின் நகலைப் பார்த்தேன், கிளினிக்கில் எழுதும்போதே தவறு. 41 என்பது 14 ஆகிவிட்டது. இப்போது என்ன செய்வது? மூன்று மாதமும் போச்சா?

ஊசிமருந்து · மே 6

போகாது, பதறாதீர்கள். இன்றே உங்கள் டாக்டர் மூலமாக ஆய்வகத்துக்கு எழுதுங்கள். சிப்பின் ஸ்டிக்கர், ரீடரில் எண் தெரியும் படம், ஊசிப் புத்தகத்தின் பக்கம், எல்லாம் சேர்த்து. திருத்திய அறிக்கை கேளுங்கள். நேரம் இருக்கும்போது கண்டுபிடித்தீர்களே, அதுவே பெரிது. இனி எந்தக் காகிதம் வந்தாலும் அந்த 15 எண்ணையும் ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க வேண்டும்.

மணியின் அம்மா · மே 19

திருத்திய அறிக்கை வந்துவிட்டது. எண்ணைப் படித்துக் காட்டியது மாமியார். "நாலு, ஒண்ணு, சரியா இருக்கு" என்றார். காபியும் வந்தது.

மணியின் அம்மா · ஜூலை 21

பெர்லினிலிருந்து எழுதுகிறேன். மணி என் காலடியில் தூங்குகிறான்.

கடைசி வாரத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும். சான்றிதழ் கொடுப்பது பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் ஏக்யூசிஎஸ் (விலங்குகளைச் சோதித்துச் சான்றளிக்கும் துறை) அலுவலகம். சான்றிதழ் வாங்கிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் ஐரோப்பாவுக்குள் நுழைந்துவிட வேண்டும். ஆகவே சீக்கிரமாகவும் வாங்க முடியாது, ரொம்பத் தாமதித்தாலும் ஆபத்து. எங்கள் விமானம் 18 அதிகாலை. 16 போகலாம் என்று இருந்தேன், 17 மொகரம் விடுமுறை. 16இல் ஏதாவது குறை சொன்னால் சரி செய்ய நாளே இல்லை. ஆகவே 15 திங்கள் காலையிலேயே மணியோடு போய் நின்றேன். சிப்பைப் படித்தார்கள், உடம்பைப் பார்த்தார்கள், ஊசிப் புத்தகம், ஆய்வக அறிக்கை, டிக்கெட், பாஸ்போர்ட் நகல் எல்லாம் சரிபார்த்தார்கள். சான்றிதழ் படிவம் நுழையும் நாட்டின் மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், எங்களுக்கு ஜெர்மனும் ஆங்கிலமும்.

டிக்கெட்டில் மணிக்கான இடத்தை முன்பே போன் செய்து உறுதி செய்திருந்தோம். ஒரு விமானத்தில் இத்தனை நாய்தான் என்று கணக்கு உண்டு. சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு நேரடியாக, நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானம். ஜூலை வெயிலுக்கு அது வசதி.

கூண்டைத் தள்ளிக்கொண்டு போனபோது மணி என்னைப் பார்த்த பார்வை. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

பிராங்பர்ட்டில் "அறிவிக்க வேண்டியது உண்டு" என்ற சிவப்பு வழியில் போனோம். அதிகாரி சிப்பைப் படித்தார், காகிதங்களைப் புரட்டினார், இரத்தம் எடுத்த தேதியில் விரல் வைத்து மாதங்களை எண்ணினார். தலையாட்டினார். நான்கு மாத உழைப்பு, நான்கு நிமிடம். கணவர் வெளியே நின்றிருந்தார். மணி அவரைப் பார்த்ததும் போட்ட கூச்சலில் அங்கே நின்ற ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கிருந்து பெர்லினுக்கு ரயில். கூண்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றை வைத்துக் கட்டினோம். பெரிய நாய்க்கு ரயிலில் டிக்கெட் உண்டு, வாய்க்கவசமும் வேண்டும். கூண்டுக்கு நான்கு மாதம் பழக்கினேன், வாய்க்கவசத்தை யோசிக்கவே இல்லை. வழி நெடுக அதைக் காலால் பிடுங்கிக்கொண்டே வந்தான். வாசிப்பவர்கள் சென்னையிலேயே பழக்குங்கள்.

டாமியின் தாத்தா · ஜூலை 21

நல்லபடியாகச் சேர்ந்தது குறித்து மகிழ்ச்சி அம்மா. மணியின் படம் ஒன்று போடுங்கள்.

பிராங்பர்ட் பழனி · ஜூலை 22

அக்கா, இனி அங்கே உள்ள வேலைகள். ஒரு மாதத்துக்குள் வரி அலுவலகத்தில் நாய் வரிக்குப் பதிவு செய்யுங்கள். பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ, இரண்டாவது நாய் என்றால் 180. அது தவிர நகரத்தின் நாய்ப் பதிவேடு தனி, நாய் யாருக்காவது சேதம் செய்தால் ஈடுகட்டும் காப்பீடும் கட்டாயம். ஊர்தோறும் இது மாறும், நண்பர்கள் வேறு ஊர்க் கணக்கைச் சொன்னால் கேட்காதீர்கள்.

முக்கியமானது: அங்கே ஒரு கால்நடை மருத்துவரிடம் போய் மணிக்கு ஐரோப்பிய நாய்ப் பாஸ்போர்ட் வாங்குங்கள், நீல நிறச் சின்னப் புத்தகம். அதில் டைட்டர் ரிசல்ட்டையும் பதியச் சொல்லுங்கள். ஊசியை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் தொடர்ந்தால் அந்த டைட்டர் ஆயுளுக்கும் செல்லும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது மறுபடி மூன்று மாதம் காக்க வேண்டாம்.

மணியின் அம்மா · ஜூலை 23

அடுத்த ஊசி 2025 மார்ச் 9க்குள். கணவர் போனிலும் என் போனிலும் பையனின் டேப்லட்டிலும் அலாரம் வைத்தாயிற்று. பழனி தம்பி, நாய்க்கு வரி என்று மாமியாரிடம் சொன்னேன். "நாய் வீட்டு வரியும் கட்டணுமா?" என்று கேட்டார்.

புதுவை பூனை · நவம்பர் 16

முழு இழையையும் ஒரே மூச்சில் படித்தேன். எனக்கு மார்ச் கடைசியில் லியோன் போக வேண்டும், இரண்டு பூனைகள். நாட்களை எண்ணிப் பார்த்தேன், இன்று தொடங்கினால் மட்டுமட்டாகத் தேறும் போல இருக்கிறது. ஊசிப் புத்தகம் எங்கேயோ பரணில் இருக்கிறது, அதைத் தேடி எடுத்துவிட்டு அடுத்த வாரம் சிப் போடலாமா?

ஊசிமருந்து · நவம்பர் 16

பழைய புத்தகம் எதற்கு? சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் இல்லை என்று மேலேயே சொன்னேனே. இன்று சனிக்கிழமை, பெரும்பாலான கிளினிக்குகள் ஏழு மணி வரை திறந்திருக்கும். கூடையை எடுங்கள்.